ராகேல் அழுகிற மூன்று வசனங்கள்: மலையகத்துச் சுவாமிமாருக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்துப் பங்குகளில் பணி செய்கிற சுவாமிமாருக்கு,

தோத்திரம்.

எங்கள் பங்குச் சுவாமிக்கு மட்டும் எழுத நினைத்த கடிதம் இது. எழுத உட்கார்ந்தபோது எல்லோருக்குமாக ஆகிவிட்டது. அவரிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவருக்கு ஏழு தோட்டம், ஒரு மோட்டார் சைக்கிள். பிடித்து உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுப்பதற்குள் அடுத்த தோட்டத்திலிருந்து போன் வந்துவிடும். அதோடு, பூசை வாசகத்தில் விடுபட்ட மூன்று வசனத்தைப் பற்றி நான் சொல்லப்போவது அவர் ஒருவர் செய்த பிழையும் அல்ல. பிழை என்று சொல்வதே சரியா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அப்பா உபதேசியார். சுவாமி மாதத்துக்கு ஒரு தரம் வந்த காலத்தில், மற்ற ஞாயிறுகளில் கோயிலைத் திறந்து மணி அடித்துச் செபம் சொன்னவர் அவர்தான். அவர் போன பிறகு வாசகம் வாசிக்கிற வேலை என்னிடம் வந்தது. நாற்பது வருடமாகிறது. வீட்டில் பெண்சாதி பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற மாதிரி நான் திருவழிபாட்டு நாட்காட்டியைப் புரட்டுவேன். (அவள் இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவள்; இன்றைக்கும் ராகு காலம் பார்க்காமல் கடைக்குப் போகமாட்டாள். சுவாமிமார் கோபிக்க வேண்டாம்.)

2025 நவெம்பர் 27, 28இல் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டித்வா புயலில் இலங்கை முழுக்க அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை என்று நம்முடைய பக்கம்தான் மலை மலையாகச் சரிந்தது. எங்கள் தோட்டத்தில் அந்த ராத்திரி கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மழைச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காம்பிராவில் நின்று கூப்பிட்டாலே கேட்காது. கீழே இருந்த பணிய லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) மேலிருந்த மலை இறங்கியபோது, மேல் லயத்தில் படுத்திருந்த எங்களுக்கு அது யாரோ லொறியில் கல் கொண்டுவந்து கொட்டுகிற சத்தமாகத்தான் கேட்டது. விடிந்து பார்த்தால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைக் காணவில்லை. அதற்குக் கீழே ஆறு காம்பிராவைக் காணவில்லை. அந்தக் காலத்தில் கான் வெட்டுவதற்கென்றே தோட்டத்தில் ஆட்கள் இருந்தார்கள்; மழைத் தண்ணீர் கானில் ஓடி ஆற்றில் விழும். கான் தூர்ந்துபோன மலையில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சரி, அது வேறு ஆட்களுக்கு எழுத வேண்டிய கடிதம்.

நவெம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கரத்தை ரோடு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. சுவாமி வர வழியில்லை. நான் போய்க் கோயிலைத் திறந்தேன். பதினொரு பேர் வந்தார்கள், சேறு காயாத காலோடு. டோர்ச் வெளிச்சத்தில் அன்றைய நற்செய்தியைத் திறந்தால் மத்தேயு 24. நோவா காலத்தில் வெள்ளம் வந்து எல்லோரையும் அடித்துக்கொண்டு போகும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று போகிறது. வயலில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் எடுக்கப்படுவார், ஒருவர் விடப்படுவார். இரண்டு பெண்கள் மாவரைப்பார்கள், அங்கேயும் அப்படித்தான். வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. வேறு பகுதியை வாசித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்பா ஞாபகம் வந்தது. நாளுக்குரிய வாசகத்தை மாற்ற நீ யார் என்று கேட்பார். வாசித்து முடித்தேன். யாரும் எழுந்து போகவில்லை. வெளியே வரும்போது ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, “நம்ம கதய அதுல எழுதி வச்சிருக்காங்க சேர்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் ஆச்சரியத்தோடு, கொஞ்சம் நிம்மதியோடுகூடச் சொன்னார் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த மலையோடு போனவர்களில் என்னிடம் பின்னேரம் பாடம் படிக்க வந்த ஏழு வயதுப் பொடியன் ஒருவனும் அவனுடைய அப்பாயியும் இருந்தார்கள். அவனுடைய அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறவள். அவளும் நான் படிப்பித்த பிள்ளைதான். அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த தன் தாயைப் பார்க்க மேல் லயத்துக்கு வந்தவள், மழை விடட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

நவெம்பர் நடுப்பகுதியில் அந்தப் பொடியன் ஒரு டின் பால் டப்பாவில் மண் போட்டுக் குரக்கன் விதைத்து, கோயில் ஜன்னலில் கொண்டுவந்து வைத்தான். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கட்டுகிற குடிலுக்குப் புல்லாம். “இப்பவே போட்டா நத்தாருக்குள்ள முத்திப்போயிரும்டா. டிசெம்பர் பத்துக்குப் பிறகு போடணும்” என்று ஏசினேன். “அப்ப ரெண்டு தரம் போடுறேன் சேர்” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவன் போட்ட முதல் தரம் நன்றாகவே முளைத்தது. நத்தாருக்குள் அது உயர்ந்து, வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கம் சாய்ந்து, மஞ்சளாகி, டப்பாவின் விளிம்பில் தலை தொங்கிக் கிடந்தது. குடில் சோடித்த இளந்தாரிகள் அதை வெளியே எறியப் போனார்கள். நான் வாங்கி மறுபடி ஜன்னலில் வைத்தேன். அதன் கதை அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் சனம் முழுக்கப் பள்ளிக்கூட முகாமில் இருந்தது. கொழும்பிலிருந்தும் இன்னும் எங்கெங்கோ இருந்தும் வான்களில் ஆட்கள் வந்தார்கள். பாய், போர்வை, பால்மா, கேக் எல்லாம் வந்தன. அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் பொதியோடு சேர்த்து வார்த்தையும் கொடுத்தார்கள். கடவுள் தன்னுடைய தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். இது விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றார் இன்னொருவர். உனக்கு வயதிருக்கிறது, இன்னொரு பிள்ளை பிறக்கும் என்று ஓர் அம்மா சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். அவர்கள் போன பிறகு பொடியனின் அம்மா என்னிடம் சொன்னாள்: “ஆறுதல் சொல்ல வாறவங்களுக்கெல்லாம் நாந்தான் ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கு சேர். அழுதா அவங்க பயந்துபோறாங்க.”

என் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நத்தார் ராத்திரி டவுன் கோயில் பூசையில் எசாயாவின் வாசகம் என் பங்கு. காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்று வரும். வருடாவருடம் வாசித்து எனக்கே மனப்பாடமாகிப்போன இடம் அது. இந்த முறை பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வானதூதர் பாட்டு, பாலன் பாட்டு எல்லாவற்றுக்கும் வாய் அசைந்தது. வீட்டுக்கு வந்து படுத்தபோது, இனி இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவோம் என்று முடிவே செய்துவிட்டேன். நம்பிக்கை போய்விட்டது என்று பெரிய வார்த்தையில் சொல்லமாட்டேன். அடுப்பில் சாம்பலுக்குள் தணல் இருக்கிறதா என்று கிளறிப் பார்க்கவே மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் 28ஆம் திகதி வந்தது. உங்களிடம் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் தொடங்குகிறது.

டிசெம்பர் 28 மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். ஏரோது அரசன் பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளை வெட்டிப்போட்ட நாளின் நினைவு. 2025இல் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால், நாட்காட்டியின்படி அந்தத் திருநாள் மறைந்து திருக்குடும்ப விழா வந்தது. உங்களுக்குத் தெரியாததா? நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம், 13இலிருந்து 15 வரை. பிறகு 19இலிருந்து 23 வரை. நடுவில் 16, 17, 18 இல்லை. சூசையப்பர் ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். அடுத்த வரியில் ஏரோது செத்துவிட்டான், திரும்பி வரலாம். இடையில் யாருமே சாகவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு நத்தார்ப் பூசை எப்போதும் 25க்குப் பிந்திய ஞாயிற்றில்தான். அன்றைக்குக் காலை பத்து மணிக்குச் சுவாமி வந்தார். நல்ல மனுசன், மண் சரிந்த மறுவாரம் தோளில் அரிசி மூட்டையோடு உடைந்த ரோட்டில் நடந்து வந்தவர். அவர் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசித்தார். பிரசங்கத்தில், ஒன்றாகச் செபிக்கிற குடும்பம் ஒன்றாக நிலைத்திருக்கும் என்றார். மற்ற வருடங்களில் நானும் தலையாட்டியிருப்பேன். மூன்றாவது வாங்கில் அந்தப் பிள்ளை, பொடியனின் அம்மா, உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் ஒரு நாளும் செபமாலை சொல்லாமல் படுத்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. ஜன்னலில் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை, தெரிந்திருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் நான் அப்பாவின் பழைய வேதாகமத்தை எடுத்து, “மகள், இன்னைக்கு வாசிச்சதுல மூணு வசனம் விடுபட்டிருக்கு, வாசிக்கவா?” என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. வாத்தியார் புத்தி, விடுபட்டதை நிரப்பாமல் இருக்க முடியாது. அவள் தலையாட்டினாள். வாசித்தேன். ராமாவில் ஒரு குரல் கேட்கிறது, ஒரே அழுகையும் புலம்பலும். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். ஆறுதல் பெற அவளுக்கு விருப்பமில்லை, ஏனென்றால் பிள்ளைகள் இல்லை.

“திரும்ப வாசிங்க” என்றாள். வாசித்தேன். ஆறுதல் வேண்டாம் என்கிற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். பிறகு வாங்கில் உட்கார்ந்து, மண் சரிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன், யாரும் உள்ளே வந்து அவளைத் தேற்றிவிடக்கூடாது என்று.

வெகு நேரம் கழித்து இரண்டு கேள்வி கேட்டாள். முதல் கேள்வி, “இத ஏன் சேர் பூசையில வாசிக்கல?” அதற்குப் பதில் சொல்ல முடிந்தது, நாட்காட்டியைக் காட்டி விளங்கப்படுத்தினேன். இரண்டாவது கேள்வி, “அந்த ஒரு பிள்ளையோட அப்பாவுக்கு மட்டும் கனவுல வந்து சொன்னாங்களே, மத்தப் பிள்ளைகளோட அப்பாமாருக்கு ஏன் சேர் கனவு வரல?”

சுவாமிமாரே, இறையியல் படித்தவர்கள் நீங்கள். உங்களிடம் இதற்குப் பதில் இருக்கலாம். என்னிடம் இல்லை. காப்பாற்றப்பட்ட அந்தப் பிள்ளையும் ஒரு நாள் தப்ப வழியில்லாமல் சிலுவையில் மாட்டிக்கொண்டது, அன்றைக்கு அவருடைய அம்மாவும் கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் என்று சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதுவும் பொதி கொண்டுவந்தவர்களின் வார்த்தை மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. “தெரியாது மகள்” என்றேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அது முந்திய ராத்திரிகளின் தூக்கமின்மை மாதிரி இல்லை. ஒரு விஷயத்தை அப்போதுதான் கவனித்தேன். நத்தார்க் கதை முழுக்கத் தூதர் வந்து எல்லோரிடமும் அஞ்சாதே என்றே சொல்கிறார். செக்கரியாவிடம் சொல்கிறார், மரியாவிடம் சொல்கிறார், சூசையப்பரிடம் சொல்கிறார், இடையர்களிடம் சொல்கிறார். ராகேலிடம் யாரும் வரவில்லை. அழாதே என்று அவளை யாரும் அதட்டவில்லை. மத்தேயு அந்த வரியை எரேமியா 31இலிருந்து எடுத்தவர். எரேமியாவில் அதற்கு அடுத்த வசனத்திலேயே, அழுகையை நிறுத்து, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். மத்தேயுவுக்கு அது தெரியாமலிருக்காது. தெரிந்தும் அவர் அழுகையோடு நிறுத்திவிட்டார். வேண்டுமென்றேதான் நிறுத்தினார் என்று நான் நினைக்கிறேன். பாலன் பிறந்த கதைக்குள்ளேயே ஆறுதல் வேண்டாம் என்கிற ஒரு தாய்க்கு இடம் கொடுத்து, அவளை அழவிட்டு வைத்திருக்கிறார். அப்படி ஒருத்தியை உள்ளே வைத்திருக்கிற புத்தகம் மற்ற இடங்களில் ஒளி, சமாதானம், மகிழ்ச்சி என்று சொன்னால் நம்பலாம் போலிருக்கிறது. விடிகிற நேரத்தில் எசாயாவை எடுத்து மறுபடி வாசித்தேன், யாருக்காகவும் இல்லாமல். இந்த முறை இடாப்பு மாதிரி இல்லை.

நம்முடைய சனத்துக்கு ராகேல் புதிய ஆளும் அல்ல. ஆதியாகமத்தில் அவள் எப்படிச் செத்தாள்? பெத்லகேமுக்குப் போகிற பாதையில், நடுவழியில், பிள்ளைப்பேற்றில். யாக்கோபு அவளைப் பாதை ஓரத்தில் அடக்கி ஒரு தூணை நட்டார். இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த நம்முடைய பாட்டன் பாட்டிமாரில் பாதை ஓரத்தில் விழுந்தவர்களுக்குத் தூண் நட யாரும் இருக்கவில்லை. 2023இல், அவர்கள் வந்து 200 வருடம் என்று, மலையகம் 200 என்ற பேரில் அதே பாதையில் நடந்தார்களே, அதுதான் அவர்களுக்கு நட்ட தூண் என்று வைத்துக்கொள்ளலாம்.

எகிப்தும் நமக்குப் புதிதல்ல. 1964 ஒக்டோபரில் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். எங்கள் பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில் போனது. கோச்சிப் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஸ்டேஷனில் நின்றவர்களும் சேர்ந்து ஒப்பாரி வைத்தது என் காதில் இன்னும் இருக்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். எகிப்துக்குப் போன குடும்பத்துக்குத் திரும்பி வா என்று சொல்ல ஒரு தூதர் இருந்தார். பெரியப்பாவுக்கு இருக்கவில்லை.

அழுகையைக் கேட்கவும் நமக்குத் தெரியும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிற தோட்டங்களில், காமன் எரிந்த பிறகு ரதி அழுவாள். ராத்திரி வெகுநேரம் அந்த அழுகை போகும். லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, தங்கள் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுவார்கள். ரதி வேஷம் கட்டியிருப்பது மீசை மழித்த ஓர் ஆண்பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அழுவார்கள். போதும் எழுந்து வா என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரதியை ஒரு ராத்திரி பூராவும் அழவிடத் தெரிந்த சனத்துக்கு, ராகேல் அழுவதற்கு மூன்று வசனம் கொடுக்கக்கூடாதா என்பதுதான் என் கேள்வி.

நத்தார் மகிழ்ச்சியின் காலம், அதில் சாவைப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். திருச்சபையின் பழைய பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது. பாலன் பிறந்த மறுநாளே கல்லெறிபட்டுச் செத்த முடியப்பரை வைத்தார்கள். இன்னும் இரண்டு நாளில் வெட்டுண்ட பிள்ளைகளை வைத்தார்கள். குடிலைச் சுற்றி இரத்தச் சிவப்பு. நாம்தான் 25 ராத்திரியோடு கேக்கையும் பாட்டையும் முடித்துக்கொண்டு, 26 காலையில் மின்குமிழ் கழற்றத் தொடங்குகிறோம். இந்த நாட்டுக்கு 26 என்றால் வேறொரு ஞாபகமும் உண்டு. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாளும்கூட. காலைப் பூசைக்குப் போனவர்கள் கோயிலில் இருக்கும்போதே கடல் வந்தது. முப்பதாயிரத்துக்கு மேல் சனம் போனது.

ஆகவே என்னுடைய விண்ணப்பம் சின்னது.

2026இல் டிசெம்பர் 28 திங்கட்கிழமை. ஞாயிறு 27இல் திருக்குடும்ப விழா முடிந்துவிடும்; மாசில்லாக் குழந்தைகளின் திருநாள் தன்னுடைய நாளிலேயே வரும். மத்தேயு இரண்டு, 13 முதல் 18 வரை. அந்த மூன்று வசனமும் நாட்காட்டியிலேயே இருக்கிறது. யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் திங்கட்கிழமைப் பூசை எப்போது நடக்கும்? டவுன் கோயிலில், காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் பேர் விழாவிட்டால் அந்த மாதக் கணக்கே உதைக்கும். யாருக்காக அந்தத் திருநாள் இருக்கிறதோ அவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் வையுங்கள். கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கி, குளித்துவிட்டு வர ஆறு மணியாகும். மண் சரிந்த தோட்டங்களில் மட்டுமாவது, டவுனில் இல்லாமல் தோட்டத்துச் சிற்றாலயத்திலேயே வையுங்கள். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே பின்னேரம் உங்களால் வர முடியாது என்பது தெரியும். வர முடியாத இடத்தில் உபதேசியாரோ வாசகரோ வாசிக்கட்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 1972இல் பதுளை மறைமாவட்டம் உண்டானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய இடத்தை விட்டுவிட்டு இந்தச் சின்ன, வசதியில்லாத மறைமாவட்டத்துக்கு வந்தார். அதை நினைத்தால் டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஒரு பின்னேரம் ஏறி வருவது பெரிய காரியமாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் பயத்தோடுதான் கேட்கிறேன். அன்றைக்குப் பிரசங்கம் வேண்டாம். வார நாள் பூசையில் அது கட்டாயமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 18ஆம் வசனத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, உட்காருங்கள். கிழவிகள் யாராவது ஒப்பாரி எடுத்தால் எடுக்கட்டும். அது கோயிலுக்குப் பொருந்தாத பாட்டு என்று யாராவது சொன்னால், ராகேல் எந்த ராகத்தில் பாடினாள் என்று கேளுங்கள்.

மற்றச் சபைப் போதகர்மார் யாராவது இதை வாசித்தால், உங்களில் பலர் பயன்படுத்துகிற பொது வாசக அட்டவணையில் நத்தாருக்குப் பிந்திய அந்த ஞாயிறுக்கு 13 முதல் 23 வரை முழுதாகவே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் உங்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை. வாசித்திருந்தால் சரி, நீளம் என்று நடுவில் வெட்டியிருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கும்தான்.

இன்றைக்கு மூவிராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கழற்றினோம். அந்தப் பிள்ளையும் வந்திருந்தாள். முகாமில் இருந்தவர்களை இன்னும் எங்கே குடியேற்றுவதென்று முடிவாகவில்லை. மலையைப் பார்த்துவிட்டு நாங்கள் சொல்லும்வரை அங்கேயே இருங்கள் என்றிருக்கிறார்கள். சூசையப்பருக்கும் அதையேதான் சொன்னார்கள் என்று சிரித்தாள். ஜன்னலில் இருந்த டப்பாவை எடுத்து, காய்ந்த குரக்கனைப் பிடுங்கி, மண்ணைக் கையாலேயே கிளறிப் பார்த்தாள். வேர் டப்பாவின் அடிவரைக்கும் போய்ச் சுருண்டிருந்தது. டப்பாவைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அடுத்த தரம் எப்போது போட வேண்டும் என்றும் கேட்டாள். டிசெம்பர் பத்துக்குப் பிறகு என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தோட்டத்துக் கோயில் வாசகன் ஒருவன்